துணி போர்த்திய ஸ்டீரியோவும் மடியில் பாடிய லேப்டாப்பும்

லேப்டாப்பில் பாட்டுக் கேட்பவர்கள் மிருதங்கத்தைப் பாதிதான் கேட்கிறார்கள். வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. தவறு வாசித்தவருடையது அல்ல. லேப்டாப்புக்குள் இருக்கும் ஸ்பீக்கர் ஒரு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கனமான ஒலி வேண்டுமானால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். நாணய அளவு காகிதம் எவ்வளவு காற்றைத் தள்ளும்? தவில், பேஸ் கிதார், தம்புராவின் அடிச்சுருதி எல்லாம் அங்கே ஒப்புக்குத்தான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இப்படி லேப்டாப்பில் பாட்டுக் கேட்கும் பல வீடுகளில், அதே ஹாலின் மூலையில் எட்டு அங்குல ஸ்பீக்கர்களோடு ஒரு பெரிய ஸ்டீரியோ செட் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு குத்துவிளக்கு, கொலுவில் மிஞ்சிய இரண்டு பொம்மைகள். கேசட் காலம் முடிந்ததும் அதன் காலமும் முடிந்துவிட்டது என்று வீடே தீர்மானித்திருக்கும். முடிந்தது கேசட்டின் காலம் மட்டும்தான். ஆம்ப்ளிஃபையருக்கு எது பாடுகிறது என்பதைப் பற்றிக் கவலையே கிடையாது. டேப், ரேடியோ, கம்ப்யூட்டர் என்று எதிலிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1987 தீபாவளி போனஸில் வாங்கிய செட் அது. ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு டேப் டெக், தேக்கு நிறத்தில் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986ல் வந்தது. அந்த கேசட்டைச் சரியாகக் கேட்கத்தான் செட்டே வாங்கியதாக அவர் சொல்வார். மனைவி மாநகராட்சிப் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவர். அவர் சொல்லும் காரணம் வேறு: “பக்கத்து வீட்ல வாங்கிட்டாங்க. அதான்.”

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது எல்லா ஒயரையும் கழற்றி மாட்டினார்கள். அடுத்த மாதமே டேப் டெக்கின் ரப்பர் பெல்ட் உருகிக் கறுப்புப் பசையாகிவிட்டது. அன்றோடு துணி போர்த்தியாயிற்று. அதன் பிறகு அந்த வீட்டில் பாட்டு நிற்கவில்லை. ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டது. டீச்சரம்மாவுக்கு அடுப்படியில் போன். மகளுக்குக் காதில் மாட்டிய இயர்போன். பேத்திக்கு டேப்லெட். பெரியவர் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார். போனில் கேட்டால் தகர டப்பாவில் கேட்பதுபோல் இருக்கிறது என்றார்.

சென்ற ஆயுத பூஜைக்கு முன்னால் டீச்சரம்மா கெடு வைத்தார். பேத்திக்குப் படிக்க ஒரு மேஜை போட வேண்டும், அந்த மூலை வேண்டும். பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிப் பார்த்துவிட்டு எண்ணூறு ரூபாய் என்றார். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் செம்புக்குத்தான் அந்த விலை. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மகள்தான், “அம்மா, ஒரு வாரம் டைம் குடு. என் பழைய லேப்டாப்பை இதுல மாட்டிப் பாக்கறேன். சரியா வரலைன்னா நானே தூக்கிக் குடுத்துடறேன்” என்றாள்.

முதல் நாள் பெரியவருடையது. பன்னிரண்டு வருஷம் தூங்கிய ஆம்பைத் திறந்து தூசி தட்டினார். வால்யூம் நாபைத் திருப்பினால் கரகரவென்று சத்தம். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை உள்ளே அடித்து, இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் திருப்பியதும் கரகரப்பு அடங்கியது. ஸ்பீக்கர் கூம்பின் ஓரத்தில் இருக்கும் நுரை வளையம் நம்மூர் ஈரக்காற்றில் பதினைந்து, இருபது வருஷத்தில் பொடிப்பொடியாகிவிடும். இவர் ஸ்பீக்கரில் அந்த இடத்தில் ரப்பர் இருந்ததால் பிழைத்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் ஆம்புக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். தெரியாதவர்கள் உள்ளே கைவைக்கக் கூடாது. தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

இரண்டாம் நாள் மகளுடையது. ஒரு பக்கம் இயர்போன் முனை, மறுபக்கம் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு முனை இருக்கும் கேபிள், விலை இருநூறு ரூபாய். ஆம்பின் பின்பக்கம் ஃபோனோ, டியூனர், ஆக்ஸ், டேப் என்று வரிசையாக ஓட்டைகள். அவள் முதல் ஓட்டையிலேயே செருகப் போனாள்.

“அது வேண்டாம்மா. அது ரெக்கார்டு பிளேயருக்கு.”

இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் மின்சாரம் மிக மெல்லியது. போதாததற்கு, தட்டில் பதியும்போதே அடிச்சுருதியைக் குறைத்து மேல்சுருதியைக் கூட்டியிருப்பார்கள். ஃபோனோ ஓட்டை அதைத் திருப்பிச் சரிசெய்து, பல மடங்கு பெருக்கவும் செய்யும். கம்ப்யூட்டரை அதில் மாட்டினால் பாட்டு பானைக்குள் தலையைவிட்டுக் கத்தியதுபோல் வரும். மற்ற மூன்றில் எதில் மாட்டினாலும் ஒன்றுதான். ஆக்ஸில் மாட்டினார்கள்.

பாட்டு வந்தது, கூடவே “ஊம்ம்ம்” என்று ஓர் இரைச்சலும். பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “ஐம்பது சைக்கிள். கரன்ட் பாடுது” என்றார். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கியதும் இரைச்சல் சட்டென்று நின்றது.

ஸ்டீரியோவோடு கம்ப்யூட்டரை இணைக்கும் பலரும் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். செட் பழசு, அதான் இரைகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். செட்டின்மேல் குற்றமே இல்லை. சார்ஜரில் மூன்று பின், ஆம்பிலும் மூன்று பின். இரண்டின் எர்த்தும் சுவருக்குள் ஒன்றாகச் சேர்கின்றன. இப்போது பாட்டுக் கேபிளின் வழியாகவும் சேர்ந்துவிட்டன. ஆக ஒரு வட்டம் உண்டாகிவிட்டது. அந்த வட்டத்தில் சுற்றும் துளி மின்சாரத்தை ஆம்ப் பாட்டென்று நினைத்துப் பெருக்கிவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் வட்டம் அறுந்துவிடும்.

இதற்கு எர்த் பின்னை ஒடித்துவிடு என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. சொல்பவர் எவ்வளவு பெரிய எலெக்ட்ரீஷியனாக இருந்தாலும் கேட்காதீர்கள். உயிரைக் காக்க இருக்கும் பின் அது. பெரியவர் செய்தது, லேப்டாப், ஆம்ப் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியது. இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள். அதற்குள் லேப்டாப்பில் ஏதோ மெயில் வந்து, அந்த “டிங்” எட்டு அங்குல ஸ்பீக்கர்களில் கோயில் மணிபோல் முழங்கியதில் டீச்சரம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். அறிவிப்பு ஒலிகளை எல்லாம் மகள் அன்றைக்கே அணைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் மகளும் ரிச்சி ஸ்ட்ரீட் போனார்கள். மவுன்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்ததும் பெரியவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. ஒரு கடையில் ஆளுயரத்துக்கு விளம்பரம் ஒட்டிய கேபிள் ஒன்றைக் காட்டி, ஆறாயிரம் ரூபாய் என்றார்கள். தங்க முலாம், ஆக்ஸிஜன் இல்லாத செம்பு, இன்னும் என்னென்னவோ. ஒன்றரை மீட்டர் ஒயருக்கு இத்தனை பீடிகை அநியாயம். முனை இறுக்கமாக உட்கார வேண்டும், மேலே நல்ல ஷீல்டு இருக்க வேண்டும். அதற்கு மேல் கொடுக்கும் காசு பெரும்பாலும் அட்டைப் பெட்டிக்குத்தான் போகிறது.

அவர்கள் வாங்கியது தீப்பெட்டி அளவில் ஒரு டாக், அதாவது எண்ணை ஒலியாக்கும் பெட்டி. கம்ப்யூட்டருக்குப் பாட்டு என்பது வெறும் எண் வரிசை. சோனியும் பிலிப்ஸும் 1982ல் சி.டி.யைக் கொண்டுவந்தபோது வைத்த கணக்கு, ஒரு நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். இந்த எண்களை ஆம்புக்குப் புரியும் மின்னலையாக யாராவது மாற்ற வேண்டும். எல்லா லேப்டாப்புக்குள்ளும் அந்த வேலைக்கு ஒரு சில்லு உண்டு. ஆனால் அது குடியிருக்கும் இடம் சரியில்லை. பக்கத்தில் பிராசஸர், மின்விசிறி, ஹார்டு டிஸ்க் என்று ஒரே சந்தைக்கடை. சில லேப்டாப்களில் மவுஸை நகர்த்தினால்கூட ஸ்பீக்கரில் “கிர்ர்” என்று கேட்கும். யு.எஸ்.பி.யில் செருகும் டாக், அந்த வேலையைச் சந்தையிலிருந்து வெளியே எடுத்து வந்துவிடுகிறது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயிலேயே நல்லது கிடைக்கிறது. லட்ச ரூபாய் டாக்கும் இருக்கிறது. வாங்குபவர்களை வாழ்த்தலாம், பின்பற்ற வேண்டியதில்லை.

டாக் வந்ததும் “கிர்ர்” போய்விட்டது, “ஊம்ம்ம்” கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. யு.எஸ்.பி. கேபிளிலும் எர்த் உண்டே. டோஷிபா 1983ல் கொண்டுவந்த ஒளிக் கேபிள் இதற்குச் சரியான மருந்து. பாட்டு வெளிச்சமாகப் போகும். மின்சாரத் தொடர்பே கிடையாது. டி.வி.க்களிலும் சில டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களிலும் அந்த ஓட்டை இருக்கும். இந்த லேப்டாப்பில் இல்லை. கடையில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று சின்ன உருளை ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பிரித்துப் பார்த்த பெரியவர் சிரித்துவிட்டார். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்.

“இதையாம்மா புதுசுன்னு குடுத்தான்? எங்க எக்ஸ்சேஞ்ச்ல லைனைப் பிரிக்க இதைத்தான் போடுவோம்.”

பாட்டு இந்தப் பக்கச் சுருளிலிருந்து அந்தப் பக்கச் சுருளுக்குக் காந்தத்தின் வழியாகத் தாவிவிடும். இரண்டு பக்கத்து எர்த்தும் ஒன்றையொன்று தொடாது. இரைச்சல் அறவே நின்றது. மலிவு உருளையில் ஒரு சங்கடம், தொப்பியை அது கொஞ்சம் விழுங்கிவிட்டது. பெரியவரே மறுபடி போய் இன்னும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் ஒன்றைத் தேடி வாங்கி வந்தார். கையில் தூக்கிப் பார்த்தே தேர்ந்தெடுத்தாராம்.

அடுத்து வால்யூம். லேப்டாப்பில் குறைத்து வைத்து ஆம்பில் கூட்டினால், பாட்டோடு சேர்ந்து அடியில் கிடக்கும் இரைச்சலும் பெருகிவரும். லேப்டாப்பில் ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டு, ஆம்பின் நாபில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். விண்டோஸின் ஒலி அமைப்பில் ‘என்ஹான்ஸ்மென்ட்’ என்று இருப்பதை அணைத்துவிட வேண்டும். குட்டி ஸ்பீக்கருக்காகப் போட்ட ஒப்பனை அது, நல்ல ஸ்பீக்கருக்கு வேண்டாம். ஆம்பைக் கடைசியாகப் போட்டு முதலில் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் “டப்” என்று ஸ்பீக்கர் அடிவாங்கும்.

நல்ல ஸ்பீக்கரில் ஓர் ஆபத்து, கெட்ட பாட்டும் நன்றாகக் கேட்கும். மகள் கல்லூரி நாட்களில் சேர்த்த இரண்டாயிரம் எம்.பி.3 பாட்டுகள் லேப்டாப்பில் இருந்தன. போட்டால் ஜால்ரா “சல்” என்பதற்குப் பதில் “ஷ்ஷ்” என்றது. சி.டி.யில் ஒரு நொடி இசைக்கு ஏறக்குறைய 14 லட்சம் பிட். அவள் வைத்திருந்த 128 கேபிபிஎஸ் எம்.பி.3யில் ஒரு லட்சத்து 28 ஆயிரம்தான், அதாவது பதினோரில் ஒரு பங்கு. காது கவனிக்காது என்று நம்பிக் கழித்தது எல்லாம் இங்கே காட்டிக்கொடுத்துவிட்டது. அதை ஃப்ளாக் கோப்பாக மாற்றினால் சரியாகிவிடுமா என்று யோசித்தாள். ஆகாது. சக்கையைப் பெரிய பாத்திரத்தில் போட்டால் கரும்பு திரும்பி வராது. வீட்டில் கிடந்த சி.டி.க்களை நேராக ஃப்ளாக்கில் எடுத்தார்கள். ஏறக்குறைய பாதி இடம்தான் பிடிக்கும், ஒரு பிட்கூடக் குறையாது. இணையத்தில் கேட்பவர்கள், செயலியின் அமைப்பில் தரத்தை உயர்ந்த நிலைக்கு மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இழப்பில்லாத தரத்திலேயே தருகிறது.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று இன்னும் பெரிய எண்களை விற்கிறார்கள். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ், அதுவும் சின்ன வயதில். சி.டி.யின் 44,100 அதற்குத் தாராளம். மகள் சோதனைக்காகக் கீச்சொலிகளைப் போட்டபோது, பேத்தி காதைப் பொத்திக்கொண்ட ஒலி தாத்தாவுக்குக் கேட்கவே இல்லை. “போட்டாச்சா?” என்று கேட்டார். புளூடூத் வைத்தால் ஒயர் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். சமையலுக்கு நடுவே கேட்க அது போதும். ஆனால் அதுவும் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. இவ்வளவு பாடுபட்டு இரைச்சலை விரட்டியவர்கள் அதில் திருப்தி அடைவது கஷ்டம்.

கெடு முடிய ஒரு நாள் இருந்தது. எல்லாம் சரி என்று அப்பாவும் மகளும் முடிவு செய்து, டீச்சரம்மாவை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரிப் பதிவு. அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பாடுறவர் எங்க உக்காந்திருக்கார்னே தெரியலையே. ரூம் முழுக்க அலையறார். மிருதங்கமும் ஒல்லியா இருக்கு.”

மகள் லேப்டாப்பில் எதையெதையோ திறந்து பார்த்தாள். பெரியவர் மட்டும் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு இடது ஸ்பீக்கரின் பின்னால் தவழ்ந்து போனார்.

ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் இரண்டு. ஆம்பின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்புக்கும், கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறிவிட்டால், வலது கூம்பு முன்னால் வரும்போது இடது கூம்பு பின்னால் போகும். ஒன்று தள்ளிய காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும். அடிச்சுருதி அங்கேயே தீர்ந்துவிடும். நடுவில் நிற்க வேண்டிய குரலுக்கு நிற்க இடம் இருக்காது. ஒன்றும் எரியாது, ஒன்றும் நிற்காது, பாட்டும் வந்துகொண்டேயிருக்கும். அதனால்தான் பல வீடுகளில் வருஷக்கணக்கில் யாரும் கண்டுபிடிப்பதில்லை. இந்த வீட்டில் அது வெள்ளையடித்த நாளிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது.

ஒயரை மாற்றிப் போட்டார்கள். டீச்சரம்மா கையை நீட்டி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே வெறும் சுவரைக் காட்டினார். “அங்க உக்காந்திருக்கார். வயலின் அவருக்கு அந்தப் பக்கம்.” தொப்பியும் வந்துவிட்டது. டாக், ஐசோலேட்டர், ஃப்ளாக் எல்லாம் சேர்ந்து தராததை இரண்டு அங்குல ஒயர் தந்தது என்று சொன்னால் மகளுக்குக் கோபம் வரும். ஆனால் காசே செலவாகாத விஷயங்களில்தான் பாதி சூட்சுமம் இருக்கிறது. ஸ்பீக்கர் சுவர் மூலையில் ஒட்டி நின்றால் அடிச்சுருதி குமுறும். ஓர் அடி, ஒன்றரை அடி முன்னால் இழுக்க வேண்டும். கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு வர வேண்டும், அதற்குப் பழைய முக்காலி போதும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் நாற்காலி.

இழுத்துப் போட்டால் நடக்க வழி இல்லை என்று டீச்சரம்மா ஆட்சேபித்தார். கடைசியில் தரையில் சாக்பீஸால் நான்கு கோடு போட்டார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்பீக்கர்களைக் கோட்டுக்கு இழுக்க வேண்டும், எட்டரைக்குச் சுவரோரம் தள்ள வேண்டும். டேப் டெக் பரணுக்குப் போனது, அந்த இடத்தில் பேத்தியின் மேஜை கொஞ்சம் நெருக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. இரும்புக்காரருக்குப் பழைய பேப்பர் மட்டும் கிடைத்தது.

இப்போது ஏழு மணிக்கு முதல் பாட்டு பேத்தியுடையது. அதில் வரும் அதிரடிக்குத் தாத்தா நாபின்மேல் கைவைத்தபடியே இருப்பார். அடுத்தது மகளுடையது, பிறகு கச்சேரி. நடு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பாடுபவர் நடுவில் உட்காருவார், வேறெங்கு உட்கார்ந்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். அந்த நாற்காலியில் டீச்சரம்மா முருங்கைக்கீரையை மடியில் வைத்து ஆய்ந்துகொண்டிருப்பார். செட்டின் சொந்தக்காரர் சோபாவின் ஓரத்தில், இடது ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்திருப்பார். அவருக்கு வயலின் மட்டும்தான் நன்றாகக் கேட்கும்.